சூரிய விளக்கும் ஒற்றைச் சாக்ஸும்

டிசம்பரில் நாள் முழுக்கப் படுக்கையில் கிடந்தால் எங்கள் ஊரில் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இருட்டு, பாவம் என்ன செய்வாள் என்று விட்டுவிடுவார்கள். பிப்ரவரி கடைசியில் அந்தச் சலுகை கிடையாது. சூரியன் வந்துவிட்டது. உறைந்து கிடக்கும் கடல் மேலும் பனி மேலும் பட்டுக் கண்ணைக் குத்துகிறது. வெளியே மைனஸ் இருபது. ஆனாலும் எதிரில் வருகிறவர்கள் எல்லோரும் "வெளிச்சம் வந்துடுச்சு பாத்தியா!" என்கிறார்கள், ஏதோ இவர்களே போய்க் கயிறு கட்டி இழுத்து வந்த மாதிரி. அந்த வெளிச்சத்தில்தான் என் ஜன்னல் எவ்வளவு அழுக்கு என்று தெரிந்தது. என் தலையும்.

இந்த மாதங்களில் வருகிற சோர்வுக்கு ஃபின்லாந்தில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘வசந்தச் சோர்வு’. எந்த வசந்தம்? பெயர் வைத்த புண்ணியவான் ஹெல்சிங்கியில் உட்கார்ந்து வைத்திருப்பான். போத்னியா வளைகுடாவின் இந்த முனையில் மே மாதம் வரை பனியைத்தான் அள்ளிக்கொண்டிருப்போம்.

இதையெல்லாம் இவ்வளவு திட்டவட்டமாகச் சொல்கிறேனே, நான் யார் என்றால், வசந்தச் சோர்வை விரட்டுவது எப்படி என்று எங்கள் நகராட்சிக்குத் துண்டுப் பிரசுரம் எழுதியவள். பெயர் தைமி. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அம்மா காகித ஆலையின் அலுவலக மாடிகளைத் துடைத்தாள், அப்பா மரம் ஏற்றும் லாரி ஓட்டினார், நான் ‘நல்வாழ்வு ஆலோசகர்’ ஆனேன். பிரசுரத்தின் தலைப்பு: ‘உங்களால் முடியும்! பத்து எளிய வழிகள்.’ ஆச்சரியக்குறியும் நான் போட்டதுதான். எழுதி முடித்த மறுவாரம் படுத்தேன்.

படுத்தேன் என்றால் வேலைக்குப் போகாமல் இல்லை. போனேன், வந்தேன், சட்டையைக்கூடக் கழற்றாமல் விழுந்தேன். சனி ஞாயிறுகளில் எழவே இல்லை. என்னோடு படித்த டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் அந்த வாரம் கேனரித் தீவில் மணலில் கிடந்து படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. திட்டுவது ஒன்றுதான் எனக்கு நன்றாக வருகிற வேலை. அதுவும் போனது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மூன்றாவது வழி, காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் சூரிய விளக்கின் முன்னால் உட்காருங்கள் என்பது. வெயில் இல்லாத மாதங்களில் வெயிலுக்குப் பதிலாக முகத்தில் அடிக்கிற பளீர் மின்விளக்கு அது. எங்கள் ஊர் நூலகத்தில் புத்தகத்தோடு இந்த விளக்கையும் இரவல் தருவார்கள். இருப்பது ஒன்றே ஒன்று. ஜனவரியில் நான் எடுத்து வந்தேன். இரண்டு வாரத்தில் திருப்பித் தர வேண்டும். தரவில்லை. போடவும் இல்லை. ஏனென்றால் பிளக் எதிர்ச்சுவரில் இருந்தது. வயர் எட்டவில்லை. நீட்டிப்பு வயர் கீழ்த்தளச் சாமான் அறையில் கிடந்தது. அதற்கு மாடிப்படி இறங்க வேண்டும். படியில் யாராவது எதிரில் வந்தால் வணக்கம் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லோருமே கதவுத் துளையில் கண்ணை வைத்து, படி காலியான பிறகுதான் வெளியே வருகிற ஜாதி. நானும் ஒருநாள் துளையில் பார்த்தேன். எதிர் வீட்டுக் கதவுத் துளையும் இருண்டிருந்தது. அங்கே ஒரு கண். இரண்டு பேரும் காத்திருந்தோம். கடைசியில் நான்தான் தோற்றுப் படுக்கைக்குத் திரும்பினேன். விளக்கை ஜன்னலோரம் வைத்து அதன் தலையில் ஈரச் சாக்ஸைத் தொங்கவிட்டேன். அதற்கு நல்ல உயரம்.

எங்கள் ஊர் நல்வாழ்வுத் துறைத் தலைவி மார்யுத் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "வியாழக்கிழமை காலையில லைப்ரரியில ஒரு கூட்டம். நீ எழுதினத நீயே பேசு. விளக்கையும் போட்டுக் காட்டு. நானும் வரேன்."

அவள் வருகிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் தகுதிகாண் காலம் வெள்ளியோடு முடிகிறது. பிடிக்கவில்லை என்றால் காரணம்கூடச் சொல்லாமல் அனுப்பிவிடலாம். பிறகு நான் மறுபடியும் அம்மா வீட்டில். அம்மா ஹாலில் மாட்டியிருக்கும் என் பட்டமளிப்புப் படத்துக்குக் கீழே சோபாவில் நான்.

புதன்கிழமை நூலகத்திலிருந்து செய்யா பேசினாள்.

"தைமிங்களா? நாளைக்கு உங்க பேச்சுக்கு விளக்கு வேணும்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. எங்ககிட்ட இருக்கிறது ஒண்ணுதான். அது வெளிய போயிருக்கு. திரும்பி வரல."

"அப்படியா," என்றேன். குரல் எனக்கே கேவலமாக இருந்தது. "யார் எடுத்திருக்காங்க?"

அந்தப் பக்கம் செய்யா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"அத நாங்க சொல்லக் கூடாதுங்க. வாசகர் ரகசியம்."

"ஆமாமா. கூடாதுதான்."

"ஆனா அவங்க நாளைக்கு எப்படியும் லைப்ரரிக்கு வருவாங்கன்னு நினைக்கிறேன்."

"வருவாங்க," என்றேன்.

"நல்லது. இன்னொண்ணு. அந்த விளக்குக்கு அடுத்ததா ஒருத்தங்க காத்திருக்காங்க. தினமும் வந்து கேட்டுட்டுப் போறாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"யாரு அது?"

"அதையும் சொல்லக் கூடாது."

போனை வைத்ததும் அந்த முகம் தெரியாத ஆளின் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தினமும் நூலகம் வரை நடந்து போய்க் கேட்கிற அளவுக்குத் தெம்பு இருக்கிறவளுக்கு விளக்கு எதற்கு? வேலை வெட்டி இல்லாத எவளோ ஒரு கிழவி, அலமாரிக்கு அலங்காரமாக ஓசியில் எடுத்துப் போகப் பார்க்கிறாள் என்று படுத்தபடியே வாய்விட்டுத் திட்டினேன். திட்டும் தெம்பு திரும்பியதில் கொஞ்சம் சந்தோஷம்கூட.

அன்று சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள். அவள் பெயர் தூலா. எங்கள் போன் பேச்சு எப்போதும் ஒரே மாதிரி.

"முடியுதா?"

"முடியுதும்மா. உனக்கு?"

"முடியுது."

எங்கள் பக்கத்தில் நலம் விசாரிப்பது இப்படித்தான். ‘முடியல’ என்ற பதிலை எங்கள் வீட்டில் நான் கேட்டதே இல்லை. ஆலையை மூடிய வருஷமும் முடிந்தது. அப்பா வேறொருத்தியோடு தெற்கே போன வருஷமும் முடிந்தது.

"நாளைக்கு நீ பேசப் போறியாமே. நானும் வரேன்," என்றாள்.

"எதுக்கு?"

"பன் குடுப்பாங்களாமே. க்ரீம் வச்சது." கொஞ்சம் விட்டுக் கேட்டாள்: "அந்த விளக்கப் பத்தியும் சொல்லுவியா?"

"சொல்லுவேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல. மூஞ்சில லைட் அடிச்சா சரியாயிடுமாக்கும். அப்படின்னா மாட்டுக் கொட்டகையில இருக்கிற மாடெல்லாம் இந்நேரம் டான்ஸ் ஆடிக்கிட்டு இருக்கணும்."

"வைக்கிறேன்மா."

"வை வை. நானும் படுக்கணும்."

மணி ஏழுகூட ஆகவில்லை. நான் ஏற்கெனவே படுத்திருந்ததால் எனக்கு அது உறைக்கவில்லை.

மறுநாள் காலை கடைசி நிமிஷத்தில் எழுந்து, விளக்கை அப்படியே ஒரு பெரிய நீலப் பையில் திணித்து, காலால் உதைத்து ஓட்டும் சறுக்குவண்டியின் இருக்கையில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினேன். நேர் எதிரில் சூரியன். எதிர் வீட்டுக் கண்ணின் சொந்தக்காரர் பனி வாரிக்கொண்டிருந்தார்.

"வெளிச்சம் வந்துடுச்சு!" என்றார்.

"ஆமா, பையில போட்டு எடுத்துட்டுப் போறேன்," என்றேன்.

நூலகக் கூடத்தில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் நாலு நாற்காலி இடம் விட்டுப் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் பின் வரிசைகளில். முன் வரிசையில் மார்யுத் மட்டும். காபிக் குடுவைக்குப் பக்கத்தில், கோட்டைக்கூடக் கழற்றாமல் அம்மா.

ஆரம்பித்தேன். தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள் என்றேன். தலையணை பட்ட பக்கம் என் முடி பலகை மாதிரி ஒட்டியிருந்தது. நண்பர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்றேன். யாரும் கொட்டாவிகூட விடவில்லை. எங்கள் ஊர்க் கூட்டம் அப்படித்தான், ரசித்தாலும் வெறுத்தாலும் ஒரே முகம். "அடுத்ததா இந்தச் சூரிய விளக்கு," என்று பையிலிருந்து அதைத் தூக்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்தினேன்.

அதன் பின்பக்கம் சாக்ஸ் ஒன்று தொங்கியது. சிவப்பும் சாம்பலும், கணுக்காலில் நட்சத்திரம் போட்டது. காய்ந்து விறைத்து விளக்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, அது நான் பின்னுனதாச்சே!" என்றாள் அம்மா.

பொது இடத்தில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்ததில்லை போலிருக்கிறது, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். செய்யா புத்தக அலமாரியை வெகு அக்கறையாகப் பார்த்தாள். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது, நூலக விளக்கு இத்தனை நாள் யார் வீட்டில் இருந்தது என்று. எல்லோரும் அதே முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கடைசி வரிசையில் கௌகோ கையைத் தூக்கினார். ஐஸ் உடைக்கும் கப்பலில் சமையல்காரராக இருந்தவர்.

"ஏம்மா, அது உதவுச்சா?"

"சாக்ஸ் மாட்ட உதவுச்சு."

"இல்ல, லைட்டு."

"லைட்ட நான் இன்னும் போடவே இல்ல."

"ஏன்?"

"பிளக் எதிர்ச் சுவத்துல இருக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. கௌகோ நிதானமாக யோசித்துத் தலையை ஆட்டினார். "தூரம்தான்," என்றார்.

அவர் கிண்டல் செய்திருந்தால் நான் சமாளித்திருப்பேன். அந்தத் தலையாட்டல்தான் என்னைக் கவிழ்த்தது.

"முடியல," என்றேன். மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. "இந்தப் பத்தையும் நான்தான் எழுதினேன். பத்தும் நல்ல யோசனைதான், எழுந்திருக்க முடிஞ்சவங்களுக்கு. எழுந்திருக்க முடிஞ்சவங்களுக்கு இதுல ஒண்ணுமே தேவையில்ல. அத எழுதறப்ப எனக்குத் தெரியல. எனக்கு அப்ப நல்லா தூக்கம் வந்துச்சு, நல்லா பசிச்சுது, ஆச்சரியக்குறி போட்டேன். அவ்வளவுதான். காபி ரெடின்னு நினைக்கிறேன்."

எல்லோரும் எழுந்தார்கள். பன் தட்டை நோக்கிப் போகும்போது மட்டும் எங்கள் ஊரில் சோர்வு தெரியாது. வேலை போய்விட்டது என்று தீர்மானித்து, நானும் ஒரு பன்னை எடுத்துக்கொண்டேன். பாதாம் விழுது வைத்ததெல்லாம் தீர்ந்து ஜாம் வைத்தது மட்டும் இருந்தது. அதற்கும் சேர்த்து ஆத்திரம் வந்தது.

மார்யுத் பக்கத்தில் வந்து நின்றாள். "சுருக்கமா இருந்துச்சு," என்றாள். இந்த ஊரில் ஒரு பேச்சுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு இல்லை. "அந்தப் பிரசுரத்தத் திரும்ப எழுது. பத்து வேணாம். பிளக்குல இருந்து ஆரம்பி. திங்கக்கிழமை உக்காந்து பேசலாம்."

"திங்கக்கிழமையா?"

"ஏன், வர மாட்டியா?"

வெள்ளிக்குப் பிறகும் எனக்கு ஒரு திங்கள் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மேஜை மேல் இருந்த விளக்கிலிருந்து செய்யா சாக்ஸைப் பிரித்து என் கையில் கொடுத்தாள். விளக்கின் அடியில் இருந்த பார்கோடு பட்டையில் கருவியைக் காட்டினாள், ‘பீப்’ என்றது. நான் விடுதலை. பிறகு விளக்கைத் தூக்கிக்கொண்டு நேரே காபிக் குடுவைப் பக்கம் நடந்தாள். அங்கே அம்மா மட்டும்தான் நின்றிருந்தாள்.

"உங்க முறை," என்றாள் செய்யா மெதுவாக.

"எனக்கில்ல," என்றாள் அம்மா. "பக்கத்து வீட்டுக்காரிக்கு."

"சரிங்க," என்று செய்யா அம்மாவின் கையில் விளக்கைக் கொடுத்து, மறுபடி ஒரு ‘பீப்’ கொடுத்துவிட்டுப் போனாள்.

அம்மா ஒரு கையில் ஜாம் பன்னும் ஒரு கையில் விளக்குமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் நான் அவளைச் சரியாகப் பார்த்தேன். கோட்டுக்கு உள்ளே இருந்தது இரவுச் சட்டை.

வெளியே வந்து விளக்கைப் பையில் போட்டுச் சறுக்குவண்டியில் வைத்தோம்.

"தினமும் வந்து கேட்டது நீதானா?"

"வீட்டுல இருந்து வெளிய வர்றதுக்கு வேற காரணமே இல்லடி. இது ஒண்ணையாவது கேட்டுட்டு வருவோம்னு வந்தேன். வந்துட்டுப் போய்ப் படுத்துடுவேன்."

"எப்ப இருந்து இப்படிப் படுத்திருக்க?"

"கிறிஸ்துமஸ் முடிஞ்சதுல இருந்து."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"உனக்கு வேலை இருக்கு. படிச்சவ." வண்டியைத் தள்ளினாள். "அந்த விளக்க வச்சிருக்கிறவள நான் எப்படித் திட்டினேன் தெரியுமா? எவளோ ஒரு சோம்பேறிக் கழுதை, படுத்த இடத்த விட்டு அசையாம வச்சிருக்கான்னு."

"கரெக்டாத்தான் திட்டியிருக்க. நானும் உன்னைத் திட்டினேன்."

"என்னன்னு?"

"வேலை வெட்டி இல்லாத கிழவின்னு."

"கிழவியா!" வண்டியை நிறுத்திவிட்டாள். அந்த வருஷம் அவள் முகத்தில் நான் பார்த்த முதல் உயிர் அதுதான். பிறகு மறுபடி தள்ளத் தொடங்கினாள். அவள் வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போது, கதவைப் பார்த்தபடியே சொன்னாள்: "முடியலடி, தைமி."

நல்வாழ்வு ஆலோசகரான நான் பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்குப் பின்னால் உள்ளே போனேன்.

அம்மா வீட்டில் பிளக் சமையலறை மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தது. போட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"கர்மம்," என்றாள் அம்மா. "நீ தலைக்குக் குளிச்சு எத்தன நாளாச்சு?"

"நீ?"

விளக்கை நடுவில் வைத்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம்.

"எவ்ளோ நேரம் இப்படியே இருக்கணும்?"

"அரை மணி."

"உன் பேப்பர்ல போட்டிருக்கா?"

"மூணாவது."

"நாலாவது என்ன?"

"வெளிய போய் ஒரு நடை நடக்கணும்."

"போடி," என்றாள் அம்மா.

"சரிம்மா," என்றேன். அரை மணி முடிந்த பிறகும் நாங்கள் மூன்றாவதிலேயே உட்கார்ந்திருந்தோம்.