அகலம் குறைந்த வகுப்பறை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒன்று பொய்யானாலும் எழுதிய கை விளங்காமல் போகட்டும்.

அந்த நகரத்துப் பொதுப் பள்ளிகளிலேயே மிகச் சிறியது அது. ஒரே வகுப்பறை, நாற்பத்தாறு பிள்ளைகள், ஒரு தலைமையாசிரியை. வேறு ஆசிரியர் யாருமே இல்லையே, பிறகு யாருக்குத் தலைமை என்று எவராவது கேட்டால் அந்த அம்மாளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆகையால் யாரும் கேட்பதில்லை.

ஒரு திங்கட்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வகுப்பறையின் அகலம் இருபது அடிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பள்ளியை மூடிவிட்டு, பிள்ளைகளைப் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். அளவெடுக்க அதிகாரி வெள்ளிக்கிழமை வருவார்.

அந்தச் சாலையின் லட்சணம் அம்மாளுக்குத் தெரியும். போக்குவரத்துக் காவலரே அதைக் கடக்க வேண்டுமென்றால் பஸ் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், வண்டி திரும்பி வரும்போது அந்தப் பக்கம் இறங்கிக்கொள்வார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அதில் இறக்கிவிட எந்த மனசு வரும்? டேப்பை எடுத்து அளந்தார். பத்தொன்பது அடி ஏழு அங்குலம். கட்டட வரைபடத்திலோ இருபத்திரண்டு அடி என்று போட்டிருந்தது. மறுபடி அளந்தார். டேப் மனம் மாறவில்லை.

உடனே அண்ணனுக்கு ஆள் அனுப்பினார். அண்ணன் பெயிண்டர். அந்தப் பள்ளிக்கு முப்பது வருஷமாக அவர்தான் வர்ணம் அடிக்கிறார். அதற்கு முன்னால் அடித்தது அவர்களுடைய அப்பா.

"அண்ணே, ரூம் சுருங்கிடுச்சு."

"வயசாகுது பாப்பா உனக்கு. மொதல்ல கண்ணாடிய மாத்து." ஐம்பத்தேழு வயதுத் தலைமையாசிரியையை உலகத்தில் அவர் ஒருவர்தான் பாப்பா என்று கூப்பிடுவார்.

"எனக்கு வயசாகுது, சரி. டேப்புக்குமா வயசாகுது?"

அண்ணன் விரல் முட்டியால் சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். முகம் மாறியது. "இது சுவரே இல்ல பாப்பா. பூராவும் பெயிண்ட்டு."

விஷயம் இதுதான். அந்த நகரத்தில் கல்வியைச் சீர்திருத்தாத ஆண்டே கிடையாது. ஒவ்வொரு சீர்திருத்தக் குழுவும் முதலில் கண்டுபிடிப்பது, முந்தைய குழு அடித்த நிறம் தவறு என்பதைத்தான். எல்லாச் சீர்திருத்தமும் சுவர் வரைக்கும் தவறாமல் வந்து சேர்ந்தது. சுவரைத் தாண்டிப் போனதாகத்தான் தகவல் இல்லை. பழைய வர்ணத்தைச் சுரண்டச் சொல்லி எந்த ஆணையிலும் ஒரு வரி கிடையாது. ஆணையில் இல்லாததைச் செய்யும் பழக்கம் அண்ணன் பரம்பரைக்கும் கிடையாது.

"மொத்தம் எத்தனை கோட்டு அடிச்சீங்க, நீயும் அப்பாவும்?"

"ஒரு சீர்திருத்தத்துக்கு ரெண்டு கோட்டு. மந்திரி வர்றாருன்னா மூணு. கணக்கெல்லாம் யாரு வெச்சா?"

செவ்வாய்க்கிழமை காலையில் சுரண்ட ஆரம்பித்தார்கள். பாடமும் நிற்கவில்லை. முதலில் உரிந்தது நீலம். அதன்மேல் 'ஆடிப்பாடிக் கற்போம்' என்று எழுதியிருந்தது. அடியில் சாம்பல் நிறம், 'அமைதி காப்போம்'. அதற்கும் அடியில் ஆரஞ்சு, மறுபடியும் 'ஆடிப்பாடிக் கற்போம்'. அம்மாள் விதிமுறை தவறாதவர். நீலம் இருந்தவரை பிள்ளைகளை ஆடவிட்டார், சாம்பல் வந்ததும் வாயில் விரல் வைக்கச் சொன்னார், ஆரஞ்சு தெரிந்ததும் மறுபடி ஆடவிட்டார். மதியத்துக்குள் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியது.

புதன்கிழமை பச்சைக்கு அடியில் ஒரு சுவர்க் கடிகாரம் அகப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தது. ஏழு நிமிஷம்தான் தாமதம். கல்வி அலுவலகக் கடிகாரத்தைவிட எவ்வளவோ தேவலை.

வியாழக்கிழமை வெளிர் மஞ்சளைச் சுரண்டும்போது ஒரு கை தெரிந்தது. கையில் சாக்பீஸ். பிறகு தோள், பிறகு மூக்கு, கடைசியில் முழு ஆளும் வந்தார். ஏதோ ஒரு சீர்திருத்தத்தில் நியமிக்கப்பட்ட ஓவிய ஆசிரியர். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "மணி அடிச்சாச்சா?" என்று கேட்டார்.

"அடிச்சு இருபத்தெட்டு வருஷம் ஆச்சு சார்," என்றார் அம்மாள்.

"அப்ப நான் கிளம்பலாமா?"

"விடுவிப்பு ஆணை வராம எப்படிக் கிளம்புவீங்க? உக்காருங்க."

அண்ணன் தலையைச் சொறிந்தார். "மஞ்சள் நான்தான் அடிச்சேன். சார் கொஞ்சங்கூட அசையல. அலமாரின்னு நெனைச்சுட்டேன்."

"நகருங்கன்னு எழுத்துல யாரும் சொல்லலையே," என்றார் ஓவிய ஆசிரியர்.

அம்மாளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. பத்தொன்பது வருஷ சர்வீஸில் முதல் முறையாகத் தலைமை தாங்க ஓர் ஆள் கிடைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். டேப்பின் ஒரு முனையை அண்ணன் பிடித்தார், மறு முனையை அதிகாரி பிடித்தார், மூச்சை அம்மாள் பிடித்துக்கொண்டார்.

"இருபது அடி ஒரு அங்குலம்," என்றார் அதிகாரி, ஏதோ வீட்டில் துக்கம் நடந்ததுபோல. "மூட முடியாது மேடம்."

அம்மாள் மூச்சை விடுவதற்குள் அவர் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். மூட முடியாத பள்ளிகளெல்லாம் தாமாகவே புதிய சீர்திருத்தத்துக்குள் வந்துவிடுகின்றன. திங்கட்கிழமைக்குள் உட்புறம் ரோஸ் நிறம், இரண்டு கோட்டு. அதன் பிறகு அகலத்தை மறுபடி அளப்பார்கள்.

அதிகாரி படியிறங்கியதும் அண்ணன் விரல்விட்டு எண்ணினார். "ரெண்டு கோட்டுன்னா ஒன்றரை அங்குலம் போயிடும் பாப்பா. மறுபடி ரோட்டுக்குத்தான்."

"அண்ணே, பெயிண்ட்ட எதுல கலக்குவ?"

"தண்ணியில."

"தண்ணிய மட்டும் அடி."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அண்ணன் ஏணி போட்டு, ஓரங்களில் டேப் ஒட்டி, தரையில் பழைய துணி விரித்து, சுத்தமான தண்ணீரை இரண்டு கோட்டு அடித்தார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஓவிய ஆசிரியர் நடுவில் நின்று, அந்த மூலையில் கொஞ்சம் திட்டுத் திட்டாக இருக்கிறது என்று யோசனை வேறு சொன்னார்.

திங்கட்கிழமை அதிகாரி வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரல் ஈரமானது.

"இன்னும் காயலையே மேடம்?"

"ரெண்டாவது கோட்டு சார். இப்பத்தான் முடிஞ்சுது."

அதிகாரி இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, சுவரை நெடுநேரம் பார்த்தார். கையிலிருந்த ஆணையையும் பார்த்தார். "ரோஸ் நல்லா எடுப்பா வந்திருக்கு," என்றார். டேப்பைப் பிடித்தார், இருபது அடி ஒரு அங்குலம் என்று குறித்துக்கொண்டார், கையெழுத்துப் போட்டார். நாற்பத்தாறு பிள்ளைகளும் சாலைக்கு இந்தப் பக்கமே படிக்கிறார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பள்ளிக்கூடம் என்பது நான்கு தூணும் மேலே ஒரு தகரக் கூரையும்தான். சுவர் எழுப்ப அனுமதி கேட்டு அனுப்பிய கோப்பு இன்றுவரை திரும்பி வரவில்லை.