முன்கூரையில் கை வைக்காதே

பூமியின் தென்பாதியில், மின்கம்பி எட்டாத ஒரு பண்ணையில், லெஸ்லி பென்ஹாலின் வீடு வடக்கே, சாலையைப் பார்த்து நின்றது. பாட்டனார் கல் சுமந்து கட்டிய வீடு. அதன் முன்கூரையில் ஒரு வானொலிக் கம்பியைக்கூட அந்தக் குடும்பம் அனுமதித்ததில்லை. ஆகவே, சூரிய மின்சாரத்தைத் தன் கையாலேயே அமைக்கத் துணிந்தபோது, லெஸ்லி ஏணியைக் கொல்லைப்புறத்துக்குத் தூக்கிப் போனார். பழைய வேலிக் குழாய்களை அறுத்துத் தாங்கிகள் செய்தார். சூரியத் தகடுகளைத் தெற்குக் கூரையில் முடுக்கினார்.

"தெக்குப் பக்கமா? நம்ம ஊர்ல சூரியன் வடக்கால போகுதுன்னு கோழிக்குக்கூடத் தெரியும். குளிர்காலத்துல அது முன்பக்கம் வந்துதான் காயுது," என்றாள் மனைவி நோரீன்.

"கோழிக்குக் குடும்ப மானம் கிடையாது."

ஜனவரிக் கோடையில் சூரியன் உச்சியில் நின்று எல்லாப் பக்கமும் பொரித்தது. பேட்டரிகள் நிரம்பின. பீர் பல் கூசும்படி குளிர்ந்தது. லெஸ்லிக்குத் தலை கால் புரியவில்லை. மதுக்கடையில் பக்கத்துப் பண்ணைக்காரன் கெவ் டுகனிடம், "இனி உன் ஜெனரேட்டர் இருக்கிற திசையில தலை வச்சுப் படுக்க மாட்டேன்," என்றார்.

"குளிர்காலம்னு ஒண்ணு வருமேப்பா?"

"வரட்டும். ஜூன்ல எங்க வீட்டுக்கு ஃபுட்பால் பாக்க வா. ஊரையே கூட்டிட்டு வா."

கெவ் ஊரையே கூட்டிக்கொண்டு வந்தான்.

ஜூன் சூரியனோ வடக்கே தாழ்ந்து, வீட்டு முகட்டைத் தாண்டிப் பின்பக்கம் எட்டிப் பார்க்கவே மறுத்தது. மதியத்திலும் தகடுகளில் உறைபனி. ஆட்டத்துக்காக மின்சாரத்தைச் சேமிக்க, கணவனும் மனைவியும் வாரம் முழுக்க மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிட்டார்கள். காதலில் அல்ல.

கடைசிக் கட்டம். உள்ளூர் அணிக்கு ஒரே ஒரு கோல் வேண்டும். ஆட்டக்காரன் ஓடி வந்தான், காலை வீசினான். டிவி அணைந்தது.

"லெஸ், அடிச்சானா இல்லையா? உன் பாட்டனைக் கேட்டுச் சொல்லேன்," என்றான் கெவ். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. "ஜெனரேட்டர் வண்டியிலதான் இருக்கு. எடுக்கட்டா?"

"பென்ஹால் வீட்டுல யாரும் கேட்டு வாங்கினதில்ல."

எல்லோரும் கெவ்வின் வண்டி ரேடியோவைக் கேட்க முற்றத்துக்கு ஓடினார்கள். லெஸ்லி இருட்டுத் திரைக்கு முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். வெளியே சிரிப்பு ஓயவில்லை.

"கேக்குதா?" என்றாள் நோரீன். "அழகு கெடக்கூடாதுன்னு நீ பாத்துப் பாத்துக் காப்பாத்தின முன்கூரைக்குக் கீழ நின்னுதான் சிரிக்கிறாங்க."

லெஸ்லி எழுந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டார். கொல்லையிலிருந்து ஏணியை எடுத்துவந்து, ஊர் பார்க்க, வீட்டு முகப்பில் சாய்த்தார். சிரிப்பு நின்றது.

"கெவ், வாயை மூடிட்டு ஏணியைப் பிடி."

கெவ் பிடித்தான். லெஸ்லி மேலேறி, பாட்டனின் தகரக் கூரையில் அளவு நாடாவை விரித்தார்.

"அடிச்சானா?" என்று கீழே பார்க்காமல் கேட்டார்.

"கம்பத்துல பட்டுருச்சு. தோத்துட்டோம்."

"அந்தக் கண்றாவியைப் பாக்க விடாம உங்களைக் காப்பாத்தினது எங்க வீடு," என்றார் லெஸ்லி. "நாடாவோட அந்த முனையைப் பிடிச்சுக் குடு."