மடங்காத கம்பிகள்

சர்ச் தெருத் திருப்பத்தில் கம்பிகள் மாட்டிக்கொண்டு நின்றன. முன்பாதி தெருவுக்குள், பின்பாதி மெயின் ரோட்டில். நடுவில், மூலையை அடைத்துக்கொண்டு செல்வராணி அக்காவின் வீடு.

எங்கள் ஊரில் கட்டடச் சாமான்கள் வேலை நடக்கிற இடத்துக்குத் தாங்களே நடந்து போகும். லாரி கிடையாது, புகையும் கிடையாது. செங்கல் குதித்துப் போகும். மணல் ஓரமாக ஊர்ந்து போகும். கம்பி நீளவாக்கில் நடக்கும், வழிதான் தெரியாது. அதற்குத்தான் நான். பிளஸ் ஒன்னில் பாதியில் நின்றவன். படிப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் கம்பிக்கு முன்னால் நடக்க இந்த ஊரில் என்னை விட்டால் ஆள் இல்லை.

அன்றைக்கு இருட்டுவதற்குள் புது ஆஸ்பத்திரி சைட்டுக்குக் கம்பி போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் மறுநாளிலிருந்து பழையபடி லாரி, எனக்கு வேலை இல்லை. சூப்பர்வைசர் அருளப்பன் காலையிலேயே சொல்லிவிட்டார். இப்போது அவரே பைக்கில் வந்து நின்றார்.

“என்னலே நிக்க? லாரியில ஏத்தும்போது மடக்கித்தான ஏத்துவோம். மடக்குலே!”

“லாரியில வர்றது மடங்கும், அண்ணாச்சி. நடந்து வர்றது மடங்காது. ஒரு தடவ மடங்கிட்டா பிறகு எதுக்கெடுத்தாலும் மடங்கும். அது மேல ஆஸ்பத்திரி நிக்கணும்லா?”

கம்பிகள் லேசாக நிமிர்ந்துகொண்டன.

நான் கதவைத் தட்டினேன்.

“யக்கா, வீட்டக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க.”

“சோறு கொதிக்குல்லா. வடிச்சிட்டுச் சொல்லுதேன்.”

நியாயம்தான். காத்திருந்தோம். அருளப்பன் மட்டும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

சோறு வடித்ததும் வீடு எழுந்து, வாசற்படிகளைச் சேலைக் கொசுவம் மாதிரித் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒதுங்கியது. கம்பிகள் சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் திரும்பின. வெளிச்சம் இருக்கும்போதே சைட்டுக்குள் நுழைந்து வரிசையாகப் படுத்தன. ஒன்றுகூட வளையவில்லை. கம்பி கட்டுகிறவர்கள் கை தட்டினார்கள். எனக்குத்தான் தட்டினார்கள்.

அருளப்பன் லாரிப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். செல்வராணி அக்காவின் வீடும் வந்திருந்தது. கேட்டுக்கு வெளியே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. உள்ளே அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலையில் குழம்பு ஓடவே இல்லை.

“இத எதுக்குலே கூட்டிட்டு வந்த? கொண்டுபோய்ப் பழைய இடத்துல விட்டுட்டு வா.”

முதல் நடையிலேயே குழம்பு சிந்தாமல் வந்த வீடு அது. இப்படி நடக்கத் தெரிந்ததைத் திரும்ப உட்கார வைக்க மனசு வரவில்லை. நான் கொண்டுபோய் விடவில்லை.