ஆறு வருஷம் கழித்து என் குரல்

வெளிநாட்டில் நான் வேலைக்குப் போன ஊரின் ஃபுட்பால் மைதானத்தில் கோச் போடும் சத்தம் ஆட்டக்காரர்கள் காதில் விழ ஆறு வருஷம் ஆகும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் சொல்லிவிட்டார். குளிர் அதிகம், இந்த ஸ்வெட்டரை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன அதே மூச்சில் இதையும் சொன்னார்.

நான் வியாசர்பாடி ஆள். கத்திக் கத்தியே கோச் ஆனவன். கோட்டுக்கு வெளியே நின்று "லெஃப்ட்ல போடா டேய்!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். ஒரு பையன் திரும்பிப் பார்க்க மாட்டான். எனக்கு முன்னால் கோச்சாக இருந்த கிழவரின் குரல்தான் அப்போது அவர்கள் காதில் விழுந்துகொண்டிருந்தது. கிழவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நல்ல கோச், சும்மா சொல்லக் கூடாது. அவர் சத்தத்தில் இரண்டு கோப்பை ஜெயித்தோம். பேப்பரில் என் படம் வந்தது.

கிழவருக்குக் கடைசி வருஷம் பூராவும் இருமல். அதுவும் நேரம் தவறாமல் வந்து சேர்ந்தது. கேப்டன் லோவ்ரோவும் மற்றவர்களும் அதையும் தட்டாமல் செய்தார்கள். பதினோரு பேரும் இருமிக்கொண்டே ஓடினால் கோல் எங்கிருந்து விழும்? வரிசையாகத் தோற்றோம். வேலை போனது எனக்கு.

"அடுத்த சீசன் என் குரல் வந்துடும் சார். ஒரே ஒரு ஆட்டம் கேட்டுட்டுப் போயிடறேன்" என்று கெஞ்சினேன். மேனேஜர் ஸ்வெட்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"ஆறு வருஷம் காத்துல கத்திட்டு வந்திருக்க" என்றாள் என் மனைவி அமலோற்பவம். அவளுக்கு வேறு கோபமும் உண்டு. கிளப் எனக்கு மட்டும்தான் டிக்கெட் கொடுத்தது. அவள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை.

அடுத்த சீசனில் லோவ்ரோ போன் செய்தான். "கோச், இன்னிக்கு உங்க குரல் விழுந்துடுச்சு." அதற்கப்புறம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் யாராவது கோட்டோரம் போனைப் பிடிப்பார்கள். நான் கூடத்தில் உட்கார்ந்து கேட்பேன். என்ன குரல்! கரகரப்பே இல்லை. "டேய், பார்த்து ஆடுடா!" என்றால் பார்த்து ஆடுகிறார்கள். ஜெயித்துக்கொண்டே போனார்கள். அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அழுகை வந்தது, அழுதேன்.

பனியால் தள்ளிப்போன இறுதி ஆட்டம் கிறிஸ்மஸ் அன்று நடந்தது. நான் போன முதல் வருஷம் கிறிஸ்மஸுக்கு மைதானம் காலி. தனியாகப் போய் நின்று, வீட்டு நினைப்புத் தாங்காமல் கத்தியிருந்தேன். ஆட்டம் சமனில் இருந்தபோது அது விழுந்தது.

"அமலோற்பவம்! ஒரு தடவை வந்துட்டுப் போடி!"

ஆட்டம் நின்றது. லோவ்ரோ போனை வாங்கிப் பேசினான். "கோச், அவங்க வர்ற வரைக்கும் பந்தைத் தொட மாட்டோம். ரெஃப்ரியும் சரின்னுட்டாரு."

அமலோற்பவம் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "இவ்ளோ ஆசையா கூப்ட்டிருக்க, போகாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றாள். புடவை மாற்றிக்கொண்டு, அச்சுமுறுக்கு டின்னைக் கையில் எடுத்தாள். அங்கே நேர் பஸ் கிடையாது, பெரம்பூரில் மாற வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. பொழுது சாயும் நேரத்தில் என் பழைய குரல் கேட்டது.

"ஐயோ, வந்துட்டியா! சாப்ட்டியா?"

அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கோச் ஒன்றும் சொல்லாததால் பையன்கள் புல்லில் உட்கார்ந்துவிட்டார்களாம். கோப்பை எதிரணிக்குப் போனது.

இதுவரை இல்லாத ஒரு நினைவு இப்போது எனக்கு வருகிறது. அந்த முதல் வருஷம் கிறிஸ்மஸுக்கு அவள் வந்திருந்தாள். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து அச்சுமுறுக்கு தின்றோம். ஓரம் கொஞ்சம் தீய்ந்திருந்தது. அவளுக்குக் குளிர்ந்தது, ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தேன். "வீட்ல குழம்பை அடுப்புல வச்சிட்டு வந்துட்டேன், அங்க உக்காந்து போன் கேக்கற மனுஷன் மறந்துடுவாரு" என்று அப்போது என்னிடம் சொன்னாள்.

எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.