அறுபது ஆகும்வரை

எங்கள் வீட்டில் என் பட்டப்பெயர் கவர்மெண்ட். அண்ணன் வைத்தது. பல் மருத்துவமனையின் முன்மேசையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். யாருக்கு எந்தச் சலுகை, எந்தப் படிவம், எந்த மாதம் கொடுத்தால் கிடைக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பிறந்த தேதி எழுதவேண்டிய கட்டத்தில் இன்றைய தேதியை எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டாக்டரம்மாவே ஏதாவது சந்தேகம் வந்தால் கதவைத் திறந்து என்னைத்தான் கேட்பார். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலை அண்ணன் ஃபோன் செய்து, கீழ்க் கடைவாய்ப் பல் உயிரை எடுக்கிறது என்றதும், உடனே வா என்று சொல்லாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

"உனக்கு எப்ப அறுபது முடியுது?"

"இந்த வியாழன் இல்ல, அடுத்த வியாழன். ஏன், கேக் வாங்கப் போறியா?"

"பன்னிரண்டு நாள். பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

"அது முடியலன்னுதானே ஃபோனே பண்றேன்!"

எங்கள் இடத்தில் கட்டணம் மூன்று படி. பார்ப்பதும் படம் எடுப்பதும் முதல் படி. அடைப்பது, பிடுங்குவது, வேர் சிகிச்சை எல்லாம் இரண்டாம் படி. செயற்கைப் பல் கட்டுவது மூன்றாம் படி. லிஃப்ட் ரிப்பேர் செய்யும் அண்ணனால் அந்த மூன்றாம் படியை ஏற முடியாது. ஆனால் அறுபது முடிந்து, வருமானமும் வரம்புக்குள் இருந்தால், மூன்றையும் அரசாங்கமே ஏற்றுக்கொள்ளும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபைல் திறக்கிற நாளில் என்ன வயதோ, சிகிச்சை முடியும்வரை அதுதான் வயது. ஐம்பத்தொன்பதில் திறந்துவிட்டால் கடைசிப் பல்வரைக்கும் கைக்காசுதான். அண்ணன் வாயிலோ பாதிப் பல் இல்லை. மீதியிலும் பாதி ஆட்டம் கண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் முடித்துக்கொடுத்துவிட வேண்டும் என்று நான் கணக்குப் போட்டேன்.

சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஈறு சிவந்து உப்பியிருந்தது. என் அலமாரியில் எப்போதோ மிச்சமாகிப்போன ஆறு மாத்திரையைக் கொடுத்தேன்.

"ஒரு தடவ டாக்டரம்மாகிட்ட காட்டிட்டா என்னம்மா?" என்று கேட்டார் அண்ணி.

"காட்டினா ஃபைல் திறந்தாகணும் அண்ணி. பன்னிரண்டு நாள் பொறுக்காம மொத்தத்தையும் கெடுத்துக்கணுமா?"

அண்ணி அண்ணனைப் பார்த்தார். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தான். "கவர்மெண்டே சொல்லியாச்சு. அப்புறம் என்ன?"

புதன்கிழமை கன்னம் வீங்கியது. துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள் என்று ஃபோனில் சொன்னான். வெள்ளிக்கிழமை வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியது. என் நாற்காலிக்கு மேலே சுவரில் ஓர் அறிவிப்பு உண்டு: முகமோ கழுத்தோ வீங்கினாலும், விழுங்க முடியாமல் போனாலும், தகுதி எதுவும் கேட்காமல் அன்றே பார்க்கப்படும். அதை ஒட்டியவளே நான்தான். ஆனால் அவசரம் என்று பார்த்தாலும் ஃபைல் திறந்துவிடும், அந்த வயதே நிலைத்துவிடும் என்பது நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருக்கிற விதி. இன்னும் ஆறே நாள்தான் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வலி நின்றுவிட்டது.

"உன் மாத்திரை ஜெயிச்சிடுச்சு, கவர்மெண்ட்," என்றான். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அவனுடைய வருமானச் சான்றிதழை எடுத்து, படிவத்தை முழுசாக நிரப்பி, தேதியை மட்டும் விட்டுவைத்தேன்.

திங்கட்கிழமை காலை, கதவுக்கு உள்ளே டாக்டரம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "வலி நின்னுடுச்சுன்னு விட்டுடாதீங்க. நரம்பு செத்துட்டா வலிக்காது. சீழ் உள்ள வேற வழி தேடிக்கும்." இதை நான் ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன். அன்றைக்கு அடுத்த ஆளைக் கூப்பிடாமல் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன்.

"வலி இருக்கா?"

"இல்ல." குரல் கொழகொழவென்று இருந்தது.

"வாயில என்ன வச்சிருக்க?"

"ஒண்ணும் வைக்கலயே."

வாயில் சூடான சோறு இருக்கிறவன் பேசுகிற மாதிரிதான் பேசினான். நாக்கு அவன் சொன்னபடி கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. மூன்று நாள், மூன்றே நாள் என்று சொல்லிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அந்த ஆளிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் அண்ணி கூப்பிட்டார். "ராத்திரி பூரா படுக்கவே இல்லம்மா. படுத்தா மூச்சு வரலங்கறார்."

ஓடினேன். அண்ணன் நாற்காலியின் நுனியில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். தாடைக்கும் கழுத்துக்கும் நடுவே எல்லையே இல்லை. எச்சிலை விழுங்க முடியாமல் மடியில் இருந்த துண்டில் வழியவிட்டுக்கொண்டிருந்தான். தொட்டுப் பார்த்தேன். கழுத்து மரக்கட்டையாக இருந்தது.

"கிளம்பு அண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். இரண்டு விரலைக் காட்டினான். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் காட்டினான், கோபமாக. இன்னும் இரண்டு நாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். எழுந்திரு!"

பக்கத்தில் கிடந்த கரண்ட் பில்லை இழுத்து, அதன் பின்பக்கம் எழுதினான்: ஃபைல் திறந்துடும். அவனுக்கு அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

டாக்டரம்மாவுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "பேசிக்கிட்டு நிக்காதீங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க," என்றார். ஃபைல் என்று நான் ஏதோ உளற ஆரம்பித்தேன். "அவசரத்துக்கு வர்றவங்களுக்குச் சீட்டு இப்பத் தனிதானே? அதுக்கும் ஃபைலுக்கும் சம்பந்தம் இல்லன்னு மூணு வருஷம் முன்னாடியே மாத்திட்டாங்களே. சுற்றறிக்கைய உங்ககிட்டதான கொடுத்தேன்?"

கொடுத்தார். எனக்குத் தெரியாததா என்று, படிக்காமலே துளை போட்டு அடுக்கில் கோர்த்து வைத்தேன்.

அண்ணனை டாக்ஸியில் ஏற்றியது எனக்குச் சரியாக நினைவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "திறக்காது அண்ணே, ஃபைல் திறக்காது, சத்தியமா," என்று கத்தி அழுதபிறகுதான் கையை எடுத்தான். வழியெல்லாம் அவன் மூச்சு விசில் அடித்தது. அண்ணி ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் முதுகைத் தடவினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் யாரும் எங்களிடம் எந்தத் தாளும் கேட்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு டாக்டர் வந்தார். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறோம், ஆனால் சீழ் மார்புக்குள் இறங்கிவிட்டது, மார்பைத் திறந்து வடித்தாக வேண்டும், பிழைக்கிற வாய்ப்பு பாதிக்கும் குறைவுதான் என்றார்.

"நாலு நாள் முன்னாடி வந்திருந்தா, அந்தப் பல்ல எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இவ்வளவு நாள் ஏன் காட்டல?"

டாக்டர் ஒப்புதல் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். அண்ணி இரண்டையும் வாங்கி, படிவத்தை என்னிடம் கொடுத்தார்.

"என்ன எழுதியிருக்குன்னு பாரும்மா. நீ கையெழுத்துப் போடச் சொன்னா போடறேன்."

குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் அங்கேயே அவர் காலில் விழுந்திருப்பேன். துளிகூட இல்லை. தாளைப் பார்த்தேன், எழுத்தெல்லாம் கலங்கி ஓடியது. மேலே இருந்த பெயர் மட்டும் அண்ணனுடையது என்று தெரிந்தது.

"அண்ணி, இனிமே நான் சொல்றத கேக்காதீங்க."

பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அண்ணி என் முகத்தையே பார்த்தார். "அப்ப நான் வேற யாரைம்மா கேப்பேன்?"