குப்பையில் பிறந்த சொல்

ஹெஸ்டர் ஆக்ஷாட் அந்த யார்க்ஷைர் பள்ளியில் பத்தொன்பது வருடமாக லத்தீன் நடத்துகிறவள். அவளைப் பற்றிய வருடாந்திர மதிப்பீட்டில் துணைத் தலைமையாசிரியர் பென்ஃபோல்ட் ஒரே ஒரு வார்த்தைதான் எழுதியிருந்தார்: 'இன்ஸ்க்ரூட்டபிள்'. அவள் தாளோடு நேரே அவர் அறைக்குப் போனாள்.

"இதுக்கு என்ன சார் அர்த்தம்?"

"உங்க மனசுல என்ன ஓடுதுன்னு யாராலயும் படிக்க முடியாதுன்னு அர்த்தம்." பென்ஃபோல்ட் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தார். "லத்தீன் டீச்சருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்கு, பாருங்க!"

ஹெஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது எங்கே பிறந்த வார்த்தைன்னும் சொல்லுங்களேன்."

"அதெல்லாம் யாருக்கு வேணும், மிஸ் ஆக்ஷாட்?"

"லத்தீன்ல 'ஸ்க்ரூட்டா'ன்னா கந்தல், குப்பை. அதைக் கிளறித் தேடுறதுலேர்ந்து வந்த வார்த்தை இது. எவ்வளவு கிளறினாலும் ஒண்ணும் அகப்படாத ஆளுன்னு அர்த்தம்."

"அப்ப பாராட்டுன்னே வச்சுக்குங்க."

"வச்சுக்கிறேன். ஆனா அகப்படலைன்னு கிளறுனவருக்குத்தானே தெரியும்?"

கைப்பையைத் திறந்து, அவர் பெயரின் முதலெழுத்து பொறித்த சட்டைக்கைப் பொத்தான் ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

"இன்னிக்குக் காலையில என் வகுப்பறைக் குப்பைக்கூடையில கிடந்துச்சு. வாழைப்பழத் தோலுக்கு அடியில."

பென்ஃபோல்டின் கண் தானாகவே தன் இடது மணிக்கட்டுக்குப் போனது. சட்டைக்கை பொத்தானில்லாமல் தொங்கியது. பிஸ்கட் பாதி கரைந்து கோப்பைக்குள் விழுந்தது.

"வார்த்தையை மட்டும் மாத்திடாதீங்க சார்," என்றாள் ஹெஸ்டர். "அனுபவிச்சு எழுதியிருக்கீங்க."