பச்சை ஏடுகள்

சூளைக் கதவைத் திறந்ததும், வெடி கொளுத்தின மறுநாள் தெருவைப்போலக் கந்தக நெடி குப்பென்று அடித்தது. வண்ணம் பிடிப்பதற்காகச் சின்னச் சூளையில் அடுக்கியிருந்த கொலு பொம்மைகளில் ஒன்றுக்கும் முகம் மிஞ்சவில்லை. பளபளப்பெல்லாம் கொப்பளித்து, கன்னங்களில் பழுப்புப் புள்ளிகள் இறைந்திருந்தன.

கண் எழுதும் பாஞ்சாலை ஒரு பொம்மையைத் திருப்பிப் பார்த்தாள். “நான் கண்ணுதான எழுதுனேன்? அம்மை எவன் போட்டான்?”

யாரும் சிரிக்கவில்லை. சிவசங்கரி சுவரோரம் ஒதுங்கி நின்றாள். சூளை அவள் தாய்மாமன் விருத்தகிரியுடையது. அவள் சென்னையில் ஆராய்ச்சி படிக்கிறவள். அங்கே உலை பழுதாகிக் கிடந்தது. சரிசெய்ய மாதங்கள் ஆகும் என்றார்கள். அதுவரை பொறுக்க மனமில்லாமல், மாங்கனீசும் பாஸ்பரசும் கந்தகமும் அடைத்து வாய் மூடிய இரண்டு குழாய்களோடு விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறிவிட்டாள். பக்குவமாக வெந்தால் உள்ளே பச்சைப் படிகம் விளையும், காகிதக் கட்டுப்போல ஏடு ஏடாக. அந்த ஏடுகளின் இடுக்கில் கரிம மூலக்கூறுகளை நுழைப்பதுதான் அவள் வேலை. வந்தவற்றுக்கு இடம் விட்டு உள்ளிருந்த உலோக அணுக்கள் சில வெளியேறிவிடும். அதற்குப் பிறகுதான் அது காந்தமாகும்.

மாமாவிடம் கேட்டால் மறுப்பார் என்று, சூளை பார்க்கும் நல்லமுத்துவிடம் போனாள். “வெடிச்சிக்கிடிச்சிப் போவுமா பாப்பா?” என்று அவர் கேட்கத்தான் செய்தார். சூடு வேகமாக ஏறினால் வெடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். “வெறும் கண்ணாடிதாண்ணே” என்றாள். அவர் குழாய்களை வாங்கிப் பொம்மைகளுக்குப் பின்னால் சூளை மூலையில் செருகிவைத்தார்.

“யோவ், உள்ள என்னத்தய்யா வச்ச?” நல்லமுத்துவைக் கேட்ட விருத்தகிரியின் குரல் உடைந்திருந்தது.

“ஒண்ணும் வைக்கலீங்க மொதலாளி. எரிக்கிற எண்ணெயில கெந்தகம் கலந்திருக்கும்.”

“இத்தினி வருசமா இல்லாத கெந்தகம் இன்னிக்கி வந்துச்சாக்கும்! குடிச்சிட்டு அடுப்புகிட்ட தூங்கியிருப்ப. நாளையிலேருந்து வராத.”

குடியே அறியாத மனுசன் நல்லமுத்து. அவள் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டாள்.

மாமா தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனதும், நல்லமுத்து சூளையின் மூலையில் கைவிட்டு, துண்டில் சுற்றி எதையோ கொண்டுவந்தார்.

“இந்தா பாப்பா. ஒண்ணு வெடிச்சிடுச்சி, ஒண்ணு பொழச்சிக்கிச்சி. நீயாவது படிச்சி மேல வா. மாமங்கிட்ட மூச்சி வுட்றாத.”

குழாய்க்குள் மெல்லிய பச்சை ஏடுகள். ஒரு கணம், ஒரே கணம், அவள் மனசு துள்ளியது. நன்றாகவே விளைந்திருக்கிறது! சட்டென்று குழாயைத் துண்டால் மூடினாள். ஒரு மனுசனுடைய பிழைப்பு போய்க்கொண்டிருக்கும்போது அவள் மனசு ஏடு எண்ணுகிறது.

நல்லமுத்து சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்து சைக்கிளில் மாட்டினார்.

“மாமா” என்றாள் சிவசங்கரி.

சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமி மறுபடியும் கூப்பிட்டாள். விருத்தகிரி ஈர முகத்தோடு திரும்பினார். வாசலில் நல்லமுத்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் துண்டை விலக்கிக் கையை நீட்டினாள். கூரைச் சந்து வழியாக விழுந்த வெயில் குழாயில் பட்டு, கரி அப்பிய அவள் உள்ளங்கையில் இளம்பச்சையாக நடுங்கியது.